‘டோக்கியோ கதை’: ஆரவாரமற்ற ஓர் அழகு

திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. கோன் இச்சிகாவாவின் ‘பர்மிய யாழ்’ அதில் உண்டு; குரோசாவாவின் ‘தெர்சு உசாலா’வும் உண்டு. மற்றொரு ஜப்பானிய மேதையான யசுஜிரோ ஓசுவின் படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய ‘டோக்கியோ கதை’யை (1953) பார்த்தவர்களுக்கு இது பெருங்குறையாகவே படும். ஓசு கிறித்தவர் அல்லர். ஆயினும் நான்காம் கட்டளையைக் குறித்து இவ்வளவு ஆழ்ந்து சிந்திக்கத் தூண்டும் வேறொரு படத்தை நான் அறியேன்.

கதை மிகச் சிறிது. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து முதிய தம்பதியர், டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்கின்றனர். மகன் மருத்துவர், மகள் சிகையலங்கார நிலையம் நடத்துபவள். இருவருக்கும் நேரமில்லை. பணம் சேர்த்துப் பெற்றோரை அதாமியிலுள்ள வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கே இரவெல்லாம் கேளிக்கை இரைச்சல், உறக்கமில்லை. ஊர் திரும்பியதும் தாய் நோயுற்று இறக்கிறாள்.

நம்மவர் கையில் இக்கதை சிக்கியிருந்தால் இடி இடித்து மழை பெய்திருக்கும். மகன் பிணத்தின் காலடியில் கதறியிருப்பான். ஓசு எவரையும் கொடியவராக்கவில்லை. மகள் தாய்க்காக உண்மையாகவே அழுகிறாள். அடக்கம் முடிந்து உணவருந்துகையில், தாயின் உடைகளுள் இன்னின்னவை தனக்கு வேண்டும் என்கிறாள். இரண்டும் மெய்யே. துக்க வீடுகளை அறிந்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

படக்கருவி பெரும்பாலும் அசைவதில்லை. தரையில் பாய் விரித்து அமர்ந்தவரின் கண்மட்டத்தில், சில வேளை அதனினும் தாழ்ந்து, அது காத்திருக்கிறது. மனிதர் எழுந்து சென்ற பின்னும் வெற்று அறையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களும் உலகை இப்படித்தானே பார்க்கின்றனர்!

படத்தின் உயிர் நோரிகோ. போரில் மாண்ட இரண்டாம் மகனின் மனைவி. அலுவலகத்தில் விடுப்பு எடுத்து மாமனார் மாமியாருக்கு நகரைச் சுற்றிக் காட்டுகிறாள். விருந்தோம்ப அண்டை வீட்டில் இரவல் வாங்குகிறாள். மாமியாரின் கையில் செலவுக்குச் சிறு தொகையும் வைக்கிறாள். காணிக்கைப் பெட்டியருகே இயேசு கண்ட ஏழைக் கைம்பெண் நினைவுக்கு வருகிறாள். ஆனால் மாமனார் அவளைப் புகழும்போது, தான் அத்துணை நல்லவள் அல்லள் என மறுத்து அழுகிறாள். இக்காட்சியில் செத்சுகோ ஹாராவின் நடிப்பை எழுத்தில் சொல்லிவிட முடியாது.

தமிழில் இதற்கு உறவான படம் பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989). மனைவியை இழந்து சென்னையில் உறவினர் வீட்டை நாடிவரும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர் வாழ்ந்து காட்டினார். அங்கும் பற்றாக்குறைதான் உண்டு, பகைமை இல்லை. எனினும் இறுதியில் முதியோர் இல்லமே அவர் புகலிடமாகிறது.

புதுவையில் பிள்ளைகள் பிரான்சு சென்று குடியேறிய வீடுகள் எத்தனை! தட்டாஞ்சாவடியிலும், தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. பங்கு மன்றங்கள் ஒரு மாலை இப்படத்தை அவர்களுக்குத் திரையிடலாம். 136 நிமிடங்கள் ஓடும். இடையில் ஒருமுறை நிறுத்திக் காப்பி கொடுத்தால் நல்லது. உரையாடல் எளியதே, அருகில் அமர்ந்து தமிழில் சொல்ல ஓர் இளைஞர் போதும்.