தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் அடைவுநிலை மதிப்பீடும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் வேரூன்றியமைக்குத் தொழிலாளர் சட்டமும் ஒரு காரணமாகும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் வாழ்ந்த தோட்டங்களில் பள்ளி அமைப்பதை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பள்ளி இருக்கிறதா என்று கேட்ட அச்சட்டம், பிள்ளை என்ன கற்றது என்று கேட்கவில்லை. அக்கேள்விக்குப் பின்னாளில் வந்த விடை எத்தகையது என்பதே நம் ஆய்வுக்குரியது.

1988இல் அறிமுகமான யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஆறாண்டுக் கல்வியைச் சில தாள்களின் பெறுபேறாகச் சுருக்கியது. தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை 'ஏழு ஏ' என்பதும், 2016 முதல் 'எட்டு ஏ' என்பதும் பள்ளியின் பெருமையை அளக்கும் கோலாயின. 2010க்குப் பின் நடைமுறைக்கு வந்த பள்ளித் தரவரிசையிலும் தேர்வுப் பெறுபேறே முதன்மை பெற்றது.

இவ்வளவுகோல் சிறுபள்ளிக்குப் பொருந்துமா? எடுத்துக்காட்டாக, ஆறாம் ஆண்டில் எட்டு மாணவர் மட்டுமே பயிலும் தோட்டப்பள்ளியைக் கொள்வோம். ஒரு மாணவர் தவறினால் தேர்ச்சி விழுக்காடு 12.5 புள்ளி சரியும். நூறு மாணவர் பயிலும் நகர்ப்புறப் பள்ளியிலோ அச்சரிவு ஒரு புள்ளியே. ஆசிரியர் மாறாமல், கற்பித்தல் மாறாமல், பள்ளி ஓராண்டு 'சிறந்தது' எனவும் மறு ஆண்டு 'நலிந்தது' எனவும் பெயர் பெறும். அமெரிக்காவின் வட கரோலினாப் பள்ளிகளை ஆராய்ந்த கேன், ஸ்டைகர் ஆகியோர் 2002இல் சுட்டியதும் இதுவே: பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறுபள்ளிகளே மிகுதியாக நிற்கும், அதற்குத் தரத்தைவிட எண்ணிக்கையே பெரிதும் காரணம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. ஆறு அடைவுநிலைகளைக் கொண்ட வகுப்பறைசார் மதிப்பீடு இன்று முதன்மை பெற்றுள்ளது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் சிக்கல் முற்றும் தீர்ந்ததெனக் கருதுவதற்கில்லை. கற்பிக்கும் ஆசிரியரே மதிப்பிடுபவராகவும் இருக்கிறார். சிறுபள்ளியில் தம் முடிவை ஒப்புநோக்க அவருக்கு உடனாசிரியர் இல்லாமற் போகலாம். முன்பு தற்செயலான எண் பள்ளியைத் தண்டித்தது. இப்போது சரளமாக வாசிக்க இயலாத பிள்ளை எவர் கண்ணிலும் படாமல் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிடக்கூடும். 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டம் தேசியமொழி எழுத்தறிவையும் எண்ணறிவையும், 2013 முதல் ஆங்கிலத்தையும் சோதித்தது. தமிழ் வாசிப்பு அதன் வரம்பிற்குள் வரவில்லை.

ஆகவே மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். ஒன்று, முதலாம் ஆண்டில் நுழையும்போதே பிள்ளையின் தமிழ் வாசிப்புநிலையைப் பதிவுசெய்து, அங்கிருந்து அடைந்த வளர்ச்சியை அளத்தல் வேண்டும். இரண்டு, சிறுபள்ளியின் பெறுபேற்றை ஓராண்டு கொண்டு முடிவுசெய்யாது, ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்தே நோக்குதல் வேண்டும். மூன்று, ரிங்லெட், தானா ராத்தா போன்ற அண்மைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் தோட்டப்பள்ளி ஆசிரியர்களோடு கூடி, மாணவர் படைப்புகளை மாற்றித் திருத்தி, மதிப்பீட்டை ஒப்புநோக்குதல் வேண்டும்.

பொறுப்புடைமை ஒருவழிப் பாதையன்று. பள்ளியிடம் கணக்குக் கேட்கும் கல்வித்துறை, அப்பள்ளிக்குத் தான் அளித்த ஆசிரியருக்கும் வளத்துக்கும் கணக்குத் தர வேண்டும். கொழுந்து பறிக்கும் பெற்றோருக்கும் தம் பிள்ளை எதை வாசிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும். அதனைச் சொல்லாத மதிப்பீடு, எத்தனை படிநிலைகளைக் கொண்டிருப்பினும், பதிவேட்டை நிரப்புமேயன்றிப் பிள்ளைக்குப் பயன்தராது.