அதிகாரி கேட்டதும் குதிரை கேட்டதும்

தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினவுவதும் கேட்டல், செவி கொடுப்பதும் கேட்டல். ஒரே சொல்லில் அடங்கிய இவ்விரண்டும் மனிதரிடம் எவ்வளவு எளிதாகப் பிரிந்துவிடுகின்றன என்பதைக் காட்டும் கதை ஒன்றை ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1886இல் எழுதினார். ‘துயரம்’ என்பது அதன் பெயர். செகாவ் மருத்துவருமாவார், 1884இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியை முடித்தவர். நோயாளியின் சொல்லுக்குச் செவி கொடுக்கும் பயிற்சியை இலக்கியம் தருமா என்னும் இன்றைய வினாவுக்கு விடை தேட ஏற்ற கதை இது.

பனி பொழியும் பீட்டர்ஸ்பர்க் நகரில் இயோனா என்னும் கிழ வண்டிக்காரன் சவாரிக்குக் காத்திருக்கிறான். அந்த வாரத்தில்தான் அவன் மகன் இறந்திருக்கிறான். முதலில் ஏறிய இராணுவ அதிகாரியிடம் அதைச் சொல்கிறான். எதனால் இறந்தான் என்று அவர் கேட்கிறார். காய்ச்சலாக இருக்கலாம், மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தான் என்று கிழவன் தொடங்குகிறான். சற்று நேரத்தில் அதிகாரி கண்களை மூடிக்கொள்கிறார். அடுத்து வந்த இளைஞர்களோ, எல்லாரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும் என்று சொல்லி வண்டியை விரட்டச் சொல்கிறார்கள். இரவில், தங்குமிடத்தில் விழித்தெழுந்த இளம் வண்டிக்காரன் ஒருவனிடம் சொல்லிப் பார்க்கிறான். அவன் போர்த்திக்கொண்டு உறங்கிவிடுகிறான். கடைசியில் லாயத்துக்குச் சென்று தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறான்.

கதையின் சுருக்கம் இவ்வளவே. சுருக்கத்தோடு நிற்பவர் உலகம் இரக்கமற்றது என்று சொல்லி ஏட்டை மூடிவிடுவார். நுணுகி வாசிப்பவருக்கு வேறொன்றும் புலப்படும். அதிகாரி கேட்ட கேள்வியில் பிழையில்லை. எந்த மருத்துவரும் முதலில் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஆனால் இயோனா சொல்ல விரும்பியது நோயின் பெயரை அன்று. மகன் எப்படி நோயுற்றான், எப்படித் துன்புற்றான், இறக்குமுன் என்ன சொன்னான், அடக்கம் எப்படி நடந்தது, அவனுடைய உடைகளை வாங்கிவர மருத்துவமனைக்குத் தான் சென்றது எவ்வாறு என்று ஒரு முறைப்படி அவன் மனத்தில் அது கிடக்கிறது. மருத்துவக் குறிப்பேட்டில் ‘காய்ச்சல், மூன்று நாள், மரணம்’ என்று எழுதினால் எதுவும் பொய்யாகாது. எனினும் இயோனா அதில் இருக்கமாட்டான்.

இதைக் கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்னும் இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தம் குறையை முழுதும் சொல்லி முடிக்க வாய்ப்புப் பெற்ற நோயாளிகள் 17 பேரே. மருத்துவர் குறுக்கிட எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 18 விநாடி.

இக்குறையை நீக்க இலக்கிய வாசிப்பையே பயிற்சியாக்கியவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ரீட்டா ஷரோன். ஆங்கில இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்ற இவர், 2000ஆம் ஆண்டில் ‘கதைவழி மருத்துவம்’ என்னும் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் கதைகளை வரிவரியாக வாசிக்கிறார்கள்: யார் பேசுகிறார், எது திரும்ப வருகிறது, எது சொல்லப்படவில்லை என்று ஆராய்கிறார்கள். குறிப்பேட்டில் இடம்பெற இயலாதவற்றை, அதற்கு இணையான மற்றோர் ஏட்டில் அன்றாட மொழியில் எழுதுகிறார்கள். எழுத அமரும்போதுதான், தாம் எதைக் கேளாமல் விட்டோம் என்பது தெரியவரும். இத்திட்டத்தின் சிறந்த கூறு இதுவே எனலாம்.

ஆயினும் ஓர் ஐயம் எழாமலில்லை. கதை படிப்பவரெல்லாம் கனிந்துவிடுவதில்லை. இயோனாவுக்காகக் கண்ணீர் வடித்தவரே அடுத்த நிமிடம் தம் வண்டிக்காரனை விரட்டவும் கூடும். மேலும், நோயாளி ஒரு நூலன்று. நூலை நாம் தவறாக வாசித்தால் அது வாய் திறந்து மறுக்காது. நோயாளி மறுப்பார், மறுக்க இடம் தந்தால். நுணுகி வாசிக்கக் கற்றோம் என்னும் பெருமிதத்தில், அவர் சொல்லாததற்கெல்லாம் நாமே பொருள் கற்பித்துவிடும் அபாயம் இங்குண்டு.

செகாவின் முடிவு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. குதிரை நல்ல செவியாளர்; குறுக்கிடவில்லை, விரட்டவில்லை. ஆனால் அதனால் ஒரு கேள்வி கேட்க இயலாது. பிறகு என்ன நடந்தது, உன் மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று அது வினவாது. அதிகாரி வினவினார், செவி கொடுக்கவில்லை. குதிரை செவி கொடுத்தது, வினவவில்லை. இவ்விரண்டு கேட்டலும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டிய இடம் மருத்துவரின் அறை. மாணவர்க்கு இக்கதை கற்பிக்கத்தக்க பாடம் அதுவே. வெறும் இரக்கம் அன்று.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதைக் கடமையாகக் கொண்ட குடும்பங்கள் நம்முடையவை. கட்டிலருகே அமர்ந்ததும் நாம் கேட்பது பெரும்பாலும் அதிகாரி கேட்ட கேள்வியையே. விடை பாதியில் இருக்கும்போதே நமக்குத் தெரிந்த வேறொரு நோயாளியின் கதையைத் தொடங்கிவிடுகிறோம். செகாவின் இச்சிறுகதை சில பக்கங்களே கொண்டது. அடுத்த முறை நலம் விசாரிக்கப் புறப்படுமுன் ஒருமுறை அதை வாசித்துவிட்டுச் செல்வது நல்லது.