கங்கௌலியின் காலம்: ராஹீ மாஸூம் ரஸாவின் நாவலும் திரையும்

ராஹீ மாஸூம் ரஸாவை நம்மில் பெரும்பாலோர் அறிந்தது நாவலாசிரியராக அன்று. 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் ஒளிபரப்பான ‘மகாபாரத’த்தின் வசனங்களை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்ற வியப்போடுதான் அவர் பெயர் நம் காதுகளை எட்டியது. மத நல்லிணக்கத்தின் எடுத்துக்காட்டாக மேடைகளில் அவர் நிறுத்தப்படுகிறார். அவரது நாவல்களைத் திறந்து பார்த்தவர்கள் சிலரே.

காஸிப்பூர் மாவட்டத்துக் கங்கௌலி அவரது ஊர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’வை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே உருது கற்பித்தவர். 1966இல் வெளிவந்த ‘ஆதா காவ்ன்’ (பாதிக் கிராமம்) அவ்வூர் ஷீஆ ஜமீன்தார் குடும்பங்களின் கதை. முஹர்ரமை மையமாகக் கொண்டு ஆண்டைக் கணக்கிடும் அம்மக்களுக்குக் கர்பலா அண்மையிலிருக்கிறது. பாகிஸ்தானோ விளங்காத ஒரு சொல். பிரிவினையும் ஜமீன் ஒழிப்பும் அவர்களது வாழ்வைக் குலைப்பதை ஒப்பாரியின்றி, எள்ளல் கலந்தே சொல்கிறார் ரஸா. 1942இல் காஸிமாபாத் காவல் நிலையத்தின் மீது நடந்த தாக்குதலில் ஃபுன்னன் மியானின் மகன் மும்தாஜ் உயிரிழக்கிறான். பின்னாளில் தியாகிகளுக்கு நடக்கும் விழாவில் மற்றவர்களின் பெயர்கள் முழங்குகின்றன. அவன் பெயர் மட்டும் இல்லை. தந்தை கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்கிறார். ‘தேசபக்தி’ குறித்து நம்மிடம் கேட்கப்படும் வினாக்களுக்கு இதைவிட அமைதியான மறுவினாவை நாம் கண்டதில்லை.

1960களின் இறுதியில் அவர் பம்பாய் சென்றார். ‘மிலி’, ‘கோல்மால்’ எனப் பல படங்களுக்கு வசனம் எழுதினார். ‘மைன் துளசி தேரே ஆங்கன் கீ’ (1978), ‘தவாயிஃப்’ (1985), ‘லம்ஹே’ (1991) ஆகியவற்றின் வசனங்களுக்கு ஃபிலிம்ஃபேர் விருதுகள் கிடைத்தன. நாவல்களை அவர் நிறுத்திவிடவில்லை. பம்பாய்த் திரையுலகையே ‘சீன் 75’ (1977) நாவலில் அங்கதமாக்கினார். ஆயினும் அந்த உலகத்துக்காக அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை, பிழைப்புக்கான நேர்த்தியான வேலை என்பதற்கு மேல் நிற்பவை அல்ல என்பதே நம் கருத்து.

‘மகாபாரதம்’ வேறு. அதில் கதை சொல்பவர் வியாசர் அல்லர், ‘காலம்’. இந்த உத்தியைப் பலரும் புதுமை என்று பாராட்டினர். ‘ஆதா காவ்ன்’ படித்தவருக்கோ அது பழகிய குரல். அந்நாவலின் நடுவே, வழக்கத்துக்கு மாறாக, ஒரு முன்னுரையை வைத்து, இது கங்கௌலியின் ஊடே கடந்து செல்லும் காலத்தின் கதை என்று ரஸா முன்பே அறிவித்திருந்தார். ஒரு குலம் தன் வீட்டுக்குள்ளேயே அழிவதைப் பார்த்து நிற்கும் அதே காலம்தான் பின்னர் அஸ்தினாபுரத்திலும் பேசியது. முஸ்லிம் ஒருவர் இதை எழுதுவதா என்று கடிதங்கள் வந்தபோது, கங்கைக்கரை மைந்தனான தனக்கே அவ்வுரிமை உண்டென்று அவர் கருதியதாகச் சொல்வார்கள். அதில் வீறாப்பு மட்டுமன்று, உண்மையும் இருக்கிறது.

கைவிட்டுப்போனது மொழி. கங்கௌலி மாந்தர் போஜ்புரி கலந்த உருதுவில் பேசினர், வைதனர். அந்த வசைச் சொற்களுக்காகவே ஜோத்பூர் பல்கலைக்கழகத்தில் நாவலைப் பாடமாக வைத்ததற்கு எதிர்ப்பு எழுந்தது. தொலைக்காட்சியிலோ அவர் எழுதியது வடமொழி செறிந்த இந்தி. அதையும் குறையின்றியே எழுதினார். ஆனால் ஃபுன்னன் மியானின் நாவு அதில் எங்கும் ஒலிக்கவில்லை.