ஐந்து பட்டமும் ஒரு கேடயமும்

படையணிகளை எதிர்த்து இந்தியர் ஆடிய உதைபந்தாட்டம் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வருவது 1911 ஜூலை 29. ஈஸ்ட் யோர்க்ஷயர் ரெஜிமென்டை மோகன் பகான் 2–1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நாள் அது. அந்த வெற்றியின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. அதை ஒரு அணியின் தரத்துக்குச் சான்றாக வைப்பதில்தான் ஐயம். தோற்றால் வெளியேறும் போட்டியில் சில நல்ல நாட்கள் வாய்த்தால் கேடயம் கிடைத்துவிடும். லீக் அப்படி விடாது. மே மாதத்துக் காய்ந்த தரையிலும் ஜூலைச் சேற்றிலும் அதே அணி நின்று பிடிக்க வேண்டும். ஆகவே இங்கே எடைக்கு எடுத்துக்கொள்வது முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் 1934 ஆம் ஆண்டுப் பருவம்.

கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. அதிலிருந்து 1933 வரை முதல் பிரிவுப் பட்டம் படையணிகளிடமும் ஐரோப்பியர் கழகங்களிடமுமே இருந்தது. கடைசி மூன்று ஆண்டுகளும் டர்ஹம் லைட் இன்பன்ட்ரியே வென்றது. ஒரே முகாம், நாளாந்த உடற்பயிற்சி, கட்டளைக்குப் பழகிய ஒழுங்கு என்று படையணிக்கு இருந்த வசதி எந்தக் கழகத்துக்கும் இல்லை. 1934இல் முகம்மதன் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்து, முதல் முயற்சியிலேயே பட்டத்தை எடுத்தது. தொடர்ந்து 1938 வரை அதை விடவில்லை.

இதன் அடிப்படை சப்பாத்து. வெறுங்கால் ஆட்டத்தின் அழகு குறுகிய பாஸ், விரல்நுனியால் பந்தை அடக்குவது, சட்டென்ற திருப்பம். தரை காய்ந்திருக்கும்வரை படையணிகள் இதற்குத் திணறின. மழை விழுந்ததும் கணக்கு மாறும். தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனக்கும். பின்கள வீரர் வெறும் புறங்காலால் ஓங்கி உதைத்தாலும் பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. திரும்பும்போது ஊன்றிய கால் வழுக்கும். எதிராளியின் சப்பாத்து ஆணியோ சேற்றில் ஊன்றி நிற்கும். மே, ஜூனில் அதே பருவமழை பெய்யும் கொட்டாஞ்சேனையில் ஆடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற இந்தியக் கழகங்கள் வெறுங்காலைக் கௌரவமாகக் கட்டிக்கொண்டு ஜூன் மாதத்தில் புள்ளிகளை இழந்தன. முகம்மதன் நிர்வாகமோ ஈரத் தரைக்குச் சப்பாத்தைப் பழக்கியது. தோல்விக்கான காரணத்தைக் கண்டறிந்து அதற்கு நேராக மருந்திட்டதை முறைமை என்றே சொல்ல வேண்டும். (அந்த அணியின் முகம்மது சலீம் 1936இல் கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்கு ஆடியபோது வெறுங்காலோடு ஆடித்தான் பெயர் எடுத்தார் என்பது வரலாற்றின் குறும்பு.)

அடுத்தது ஆட்சேர்ப்பு. வங்காளத்துக்குள் தேடுவதோடு நில்லாமல் பெங்களூரிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீரர்களைத் திரட்டினார்கள். உடல்வலிமையில் படையினரோடு தோள்கொடுத்து மோதக்கூடிய பின்களம் இதனால் அமைந்தது. குறையும் இங்கேதான் இருக்கிறது. இது வளர்த்தெடுத்த அணி அல்ல, சேர்த்தெடுத்த அணி. அதுவும் ஒரே சமூகத்துக்குள் தெரிந்தெடுத்தது. அக்கால அரசியல் கொதிப்பில் பார்வையாளர் வரிசைகளும் அப்படியே பிரிந்தன. அணியின் ஒருமைப்பாட்டுக்கு இந்த எல்லை உதவியிருக்கலாம். உதைபந்தாட்டத்தின் பொதுமைக்கு உதவவில்லை. படைப்பிரிவு அணியும் மூடிய அணிதானே என்று வாதிடலாம். ஆனால் ரெஜிமென்ட் எவருடைய பிரதிநிதியாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

இனிக் கடினமான சோதனை. ஐந்து லீக் பட்டம் பெற்ற அதே ஆண்டுகளில் கேடயம் யாரிடம் போனது? 1934இல் கிங்ஸ் ரோயல் ரைபிள் கோர், 1935இலும் 1938இலும் ஈஸ்ட் யோர்க்ஷயர், 1937இல் ஆறாவது பீல்ட் பிரிகேட். முகம்மதனுக்குக் கிடைத்தது 1936 ஒன்று மட்டுமே. அந்த இறுதியாட்டத்திலும் எதிரே நின்றது கல்கத்தா எப்.சி., அதாவது ஐரோப்பியக் குடிமக்களின் கழகம். காரணம் எளிது. லீக்கில் வருவது கல்கத்தாவில் நிலைகொண்ட படையணி. கேடயத்துக்கு நாட்டின் பல முகாம்களிலிருந்தும் படையணிகள் வரும். ஆகவே ‘பிரித்தானியப் படையின் உதைபந்தாட்டத்தை முகம்மதன் முறியடித்தது’ என்ற வழக்கமான வாக்கியம் பாதி உண்மை. 1940இல் டெல்லியில் ரோயல் வோர்விக்ஷயர் ரெஜிமென்டை 2–1 என வென்று டியூரண்ட் கிண்ணத்தை எடுத்ததை மீதிப் பாதிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அப்போது யுத்தம் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. ரெஜிமென்ட்கள் விளையாட்டை முதன்மையாக எண்ணிய காலம் அல்ல. அந்த வெற்றியை முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஓர் அளவுகோலில் 1911 மேலே நிற்கிறது. ரைபிள் பிரிகேட், மிடில்செக்ஸ், ஈஸ்ட் யோர்க்ஷயர் என மூன்று படையணிகளை அடுத்தடுத்து வீழ்த்தியது மோகன் பகான். மிடில்செக்ஸோடு ஒரு தடவை 1–1 என்று சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3–0 என்று தீர்த்ததில் தற்செயல் எதுவும் இல்லை. ஆனால் அதற்குத் தொடர்ச்சி இல்லை. அந்தக் கழகம் மீண்டும் கேடயம் வென்றது 1947இல். முதல் லீக் பட்டம் பெற்றது 1939இல். 1915 வரை அதை முதல் பிரிவுக்குள்ளேயே விடவில்லை என்ற நியாயத்தைக் கழித்தாலும் இடைவெளி நீளமானது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெறுங்கால் காலத்தைப் புகழ்வோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் 1911ஐ முதலிடத்தில் வைப்பார்கள். துணிச்சலுக்கு நானும் அங்கேயே வைப்பேன். அணியாக்கத்துக்கும் நிலைத்த தரத்துக்கும் முதலிடம் 1934க்கு. லீக்கும் கேடயமும் சேர்ந்து வந்த 1936க்குக்கூட அல்ல. புதிதாக ஏறி வந்து, நடப்புச் சாம்பியனான படையணியிடமிருந்து பட்டத்தைப் பறித்த பருவம் 1934 மட்டுமே.