ஹியூப்ரிஸ் என்றால் கர்வமா?

கிரேக்கத் தொன்மங்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் தவறாமல் சொல்லும் ஒன்று: ஹியூப்ரிஸ் என்றால் கர்வம், கர்வம் பிடித்தவனைத் தெய்வங்கள் தண்டிக்கும். ஓசூர் சிப்காட் பக்கம் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பு வரைக்கும் இந்தக் கதை வந்துவிட்டது. இகாரஸ் சூரியனை நெருங்கிப் பறந்தான், இறக்கையின் மெழுகு உருகியது, கடலில் விழுந்தான். ஆகவே தம்பிகளே, பணிவாக இருங்கள்!

ஆனால் ஓவிட் எழுதியதில் அப்பன் டெடலஸ் மகனுக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்கிறான். ரொம்ப மேலே போனால் வெயில் சுடும். ரொம்பத் தாழப் பறந்தால் கடல்நீர் பட்டு இறக்கை கனத்துவிடும். இரண்டாவதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அராக்னே கதை இன்னும் சிக்கல். சாதாரண சாயத் தொழிலாளியின் மகள், நெசவில் தேவி அதீனாவையே போட்டிக்கு அழைக்கிறாள். ஓவிடின் 'மெடமார்ஃபசிஸ்' ஆறாம் பகுதியில் விரிவாக வருகிறது. அவள் நெய்த துணியில் அதீனாவால் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெய்வங்கள் பெண்களை ஏமாற்றிய கதைகளைத்தான் அதில் நெய்திருந்தாள். அதீனா துணியைக் கிழித்து, கையிலிருந்த நாடாவாலேயே அவள் நெற்றியில் அடிக்கிறாள். அவமானம் தாங்காமல் தூக்கில் தொங்கியவள் சிலந்தியாகிறாள். அவள் வாய்த்துடுக்கு உண்மைதான். அதற்காக, தொழில் தெரிந்த பெண்ணை நெற்றியில் அடித்ததை "கர்வபங்கம்" என்று எழுதிவிட்டுப் போவதா?

கோளாறு மொழிபெயர்ப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏதென்ஸில் ஹியூப்ரிஸ் மனதுக்குள் இருக்கும் குணமாக மட்டும் பார்க்கப்படவில்லை. அது வழக்குப் போடக்கூடிய குற்றம். அரிஸ்டாட்டில் தரும் விளக்கத்தைச் சுருக்கினால், வேறு லாபம் எதற்காகவும் இல்லாமல், தன் சந்தோஷத்துக்காகவே இன்னொருவரைக் கூனிக்குறுக வைப்பது. கி.மு. 348-இல் டயோனிசஸ் விழாவில், ஊரே பார்க்க மைடியாஸ் என்ற பணக்காரன் டெமாஸ்தனிஸை முகத்தில் குத்தினான். அதற்காக டெமாஸ்தனிஸ் எழுதிய உரையின் மையச் சொல்லே ஹியூப்ரிஸ்தான். அடிமைக்குச் செய்தாலும் அது குற்றமே என்று சட்டம் சொல்வதை அவர் பெருமையாகச் சுட்டிக்காட்டுகிறார். (அடிமை முறையை வைத்துக்கொண்டே இந்தப் பெருமை!)

அகந்தை, செருக்கு, ஆணவம் எல்லாமே நம் மொழியில் உள்ளுக்குள் இருக்கும் நோய்கள். ஹியூப்ரிஸுக்கு 'அத்துமீறல்' என்ற சொல் பொருத்தமாகப் படுகிறது. அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், பாதிக்கப்பட்ட ஆள்.

இதற்குக் கிரேக்கம் வரை போகவே வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, பகலில் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைச் செய்து படுக்க வைப்பார்கள். பீமன் அடிப்பது தொடையில். ஏன் தலையில் இல்லை, நெஞ்சில் இல்லை? சபையில் திரௌபதிக்கு அவன் காட்டிய இடம் தொடை. அங்கே அவிழ்ந்த கூந்தலை இங்கே ரத்தம் தொட்டு முடிகிறாள். துரியோதனன் எவ்வளவு கர்வி என்பதை யாரும் அளக்கவில்லை. கூத்தில் அவன் ராஜ கம்பீரத்தோடு திரையை விலக்கி வரும்போது சனம் ரசிக்கத்தான் செய்கிறது. கணக்குத் தீர்ப்பது அந்தச் சபையில் நடந்த ஒரு காரியத்துக்கு.

பயிற்சி வகுப்பில் கேட்கும் கதைகளில் எப்போதும் கீழே இருப்பவன்தான் பணிவைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. படுகளத்தில் மண்ணில் கிடப்பவன் ராஜா. சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் ஒரு பையனை "உனக்கெல்லாம் யாருடா வேலை கொடுத்தது" என்று கேட்பதற்கு ஏதென்ஸ்காரனிடம் ஒரு பெயர் இருந்திருக்கிறது. அந்த வார்த்தையைத்தான் நாம் பையனின் திமிருக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

படுகளம் முடிந்ததும் சிலர் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் வீட்டில் தானியத்தோடு போட்டு வைப்பார்கள், விளைச்சல் பெருகுமாம். எதிரியின் உடம்பு எப்படி வளமாகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சோஃபக்ளிஸ் நாடகத்தில் ஈடிபஸ் புதைந்த மண் ஏதென்ஸைக் காக்கும் என்று வருகிறதே, அங்கிருந்து தொடங்கிப் பார்க்கலாம். அது அடுத்த பதிவில்.