துணையும் அடிமையும்

டூலா என்ற கிரேக்கச் சொல்லுக்கு அடிமைப் பெண் என்று பொருள். தாய்க்குத் துணைநிற்பவளுக்கு அதைச் சூட்டியவர் மானுடவியலாளர் டானா ரஃபேல். இந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது.

1980இல் வெளியான குவாத்தமாலா ஆய்வைப் பாருங்கள். சிக்கலற்ற பிரசவங்களில் தனித்துவிடப்பட்டவர்களுக்குச் சராசரி 19.3 மணிநேரம். முன்பின் தெரியாத, பயிற்சியில்லாத ஒருத்தி கூடவே இருந்து பேசி, முதுகைத் தடவிவிட்டவர்களுக்கு 8.7. மருத்துவத்துக்கு இது கண்டுபிடிப்பு! உறவுக்காரிகளை வாசலோடு நிறுத்தி அந்தத் தனிமையை உற்பத்தி செய்ததே ஆஸ்பத்திரிதானே? இந்தக் கேள்வி ஆய்வுச் சொல்லாடலுக்குள் வருவதில்லை. 'நான் இருக்கேன்டி, பயப்படாதே' என்பது இப்போது சான்றிதழோடு விலைக்கு வருகிறது. கூலி வாங்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. கூலி கொடுக்க முடியாதவள்?

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒருத்தியை உள்ளே விடும் திட்டம் 2004இல் வந்தது. நான் போயிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், மகள் கையைப் பிடித்தபடி ராத்திரி பூரா நின்ற அம்மாவுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.