பெரட்டும் கூரையும்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் படமெடுத்துக்கொண்டு, ஒரு குவளை தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். சரிவின் இடுக்கில் நிற்கும் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் படத்தில் விழுவதில்லை. தெருவிலேயே ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு வீட்டோடு உதவியும் தரும் திட்டங்களை எடைபோட எனக்கு அந்த லயம்தான் தராசு.

1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன. லயம், மருந்தகம், ஆயாக்கொட்டகை, பள்ளி, கோயில். இன்றைய சமூகப் பணியாளர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் அணிவகுப்புக்கு, போக வேண்டும். வேலை நின்றால் கூரையும் நின்றுவிடும். 1950களில் நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலை பறிபோன குடும்பங்களுக்குக் கூரையும் பறிபோனது. அதைத் தடுக்கவே அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். பெரிய காரியம்தான். ஆனாலும் தோட்டத்தில் பங்கு கிடைப்பது வேறு, குடியிருக்கும் வீடு சொந்தப் பெயருக்கு வருவது வேறு.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' முறை, கூரைக்கு நிபந்தனை போடும் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. குடியை விடு, மருந்து சாப்பிடு, பிறகு சாவி தருகிறேன் என்பதில்லை. சாவி முதலில்; உதவி அவரவர் விருப்பம். கனடாவில் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 2,000 பேரிடம் சோதித்தபோது, வீடு பெற்றவர்கள் வீட்டில் தங்கினார்கள். குடியும் மனநோயும் அதே அளவுக்குக் குறைந்துவிடவில்லை. இதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடிக்கிறார் என்பதற்காக நம் தெருவில் யார் வீட்டைப் பிடுங்குகிறோம்?

உண்மையான குறை தனிமை. அடுக்குமாடியில் ஓர் அறை, பூட்டிய கதவு, வாரத்துக்கு ஒருமுறை வரும் பணியாளர். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் காது கேட்கும். கஞ்சி கொண்டுவர ஆள் உண்டு. (வம்பும் உண்டு, மறுக்கவில்லை.) இன்னோர் ஆபத்து, உதவி மெல்லக் கண்காணிப்பாக மாறுவது. அது தோட்டத் துரையின் பழைய கருணை. கங்காணிக்குப் பதில் கையில் கோப்போடு வரும். மலேசியாவின் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டமோ, தெருவில் இருப்பவரைக் கொண்டுபோய் நல இல்லத்தில் வைக்கவே வழி செய்கிறது. கூரை கிடைக்கிறது, சாவி கிடைப்பதில்லை.

வேலை ஓய்ந்த தோட்டத்து முதியவரும் நகரத்து நடைபாதையில் படுப்பவரும் ஒருவரல்ல. ஆனால் முன்னவர் பின்னவராகாமல் தடுப்பதுதான் மலிவான வைத்தியம். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளி தரும் வீடும் வசதிகளும் எப்படி இருக்க வேண்டும் என்று அளந்து சொல்கிறது. அந்த அளவெல்லாம் தொழிலாளிக்கு. அறுபது வயதில் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தவர் அதற்கு அடுத்த மாதம் தொழிலாளி இல்லை.